காவக்காரனோட புளிச்ச ஏப்பம்

மருத மரத்து உச்சியில ஒரு மந்தி, கீழ குளத்தங்கரையில நாப்பது புள்ளிமான். மந்தி பாத்துக்கும், மான் தண்ணி குடிக்கும். இதுதான் அந்தக் காட்டோட ஏற்பாடு!

மந்திக்குப் பேரு கருமூஞ்சி. உடம்பெல்லாம் சாம்பல், மூஞ்சி மட்டும் அடுப்புக்கரி. ஆனா அவன் கண்ணு இருக்கே, அப்படி ஒரு கண்ணு! புல்லுக்குள்ள சிறுத்தை ஒத்தைக் காதை ஆட்டினா போதும், பாத்துடுவான். பாத்த உடனே, "கெக்! கெக்! கெக்!" காடே அதிரும். மான்கள் நாலு தாவு தாவும், அவ்வளவுதான், ஆளைக் காணோம்! சிறுத்தை வந்து வெறும் குளத்தைப் பாத்துட்டு வாலை உதறிட்டுப் போயிடும்.

இதுக்கு கருமூஞ்சிக்குக் காவக்கூலி உண்டு. கூலின்னா சாப்பாடுதான். தினமும் உச்சி வெயில்ல எல்லாரும் மரத்தடிக்கு எதையாவது கொண்டு வருவாங்க. மான்கள் புளியம்பழத்தை மூக்கால உருட்டிக்கிட்டு வரும். காட்டுப்பன்னி மொட்டையன் கிழங்கு தோண்டிட்டு வருவான். கிளிங்க காந்தாரி மிளகாயைக் குவிக்கும். கிளிக்கு மிளகா உறைக்கவே உறைக்காது. அதனால யாருக்குமே உறைக்காதுன்னு அதுங்க நினைச்சுக்கிச்சுங்க!

இதுல ஒரு வழக்கம் இருந்துச்சு. கொண்டு வந்ததை அங்கயே, அவங்க கண்ணு முன்னாடியே, மிச்சம் வைக்காம சாப்பிடணும். மிச்சம் வச்சா குடுத்தவங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி.

"இன்னும் ரெண்டே பழம்தான் மூஞ்சியண்ணே, வாயில போடு!" இது செவலை. மான் கூட்டத்துக்குத் தலைவி.

"என் கிழங்கைத் தொடவே இல்லையே மச்சான்? நேத்து தோண்டினதுன்னு நினைச்சியா? இப்பதான் தோண்டுனேன்!" இது மொட்டையன்.

கருமூஞ்சியும் பாவம், யாரையும் நோகடிக்கத் தெரியாது. மென்னானோ இல்லையோ, எல்லாத்தையும் லபக்கு லபக்குன்னு முழுங்குவான். வயிறு பலாப்பழம் மாதிரி ஆயிடும். அப்புறம் மேல ஏறி, கிளையில மல்லாக்கப் படுப்பான். அந்த வயித்தோட ஒரு தடவை உருண்டு விழப் பாத்தான். அதுலேர்ந்து ஒரு காட்டுக்கொடியை எடுத்து, வயித்தையும் கிளையையும் சேத்து இறுக்கிக் கட்டிக்குவான். ஒரு தூக்கம். வெயில் சாஞ்சு மான்கள் தண்ணிக்கு வர்றப்ப முழிப்பான்.

இந்த வருஷம் கோடை பொல்லாத கோடை. மத்த குட்டையெல்லாம் வத்திப்போச்சு. காட்டுல பாதி ஜீவன் இங்கதான் தண்ணி குடிச்சுது. அதனால காவக்கூலியும் ரெண்டு மடங்கு!

கொஞ்ச நாள்லயே கருமூஞ்சிக்கு நெஞ்சுக்கு நடுவுல எரிய ஆரம்பிச்சுது. தொண்டையில புளிப்புத் தண்ணி ஏறும். குரல் கரகரன்னு வரும்.

அதே மரத்துல ஒரு பொந்துல மரங்கொத்தி ஒருத்தி இருந்தா. பேரு கொத்தி. வாய் சும்மாவே இருக்காது.

"ஏய் மூஞ்சி! என்னடா தொண்டையில தவளையை வளக்குறியா?"

"ஒண்ணும் இல்ல. போ!"

"ஒண்ணும் இல்லாதவன் ஏன்டா நெஞ்சை நெஞ்சைத் தடவுற?"

கருமூஞ்சி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். ரெண்டு நாள்ல சரியாப்போயிடும்னு விட்டுட்டான்.

சரியாப்போகல!

ஒருநாள் சாயங்காலம். மான்கள் குளத்துல வாயை வச்சிருந்துச்சுங்க. கருமூஞ்சி பாத்துட்டான். நாணல்ல மஞ்சளா ஒரு கோடு. சிறுத்தை! வாயைத் திறந்தான். "கெக்" வரணும். தொண்டை வரைக்கும் புளிப்புத் தண்ணி வந்து அடைச்சுக்கிச்சு.

"ஏஏஏவ்வ்!"

ஏப்பம்தான் வந்துச்சு!

மான்கள் தலையைத் தூக்கிப் பாத்து சிரிச்சுதுங்க. "மூஞ்சியண்ணனுக்கு இன்னிக்கு நல்ல விருந்து போல!" திரும்பவும் தண்ணியில வாயை வச்சிடுச்சுங்க.

அவன் மறுபடியும் முயற்சி பண்ணான். "ஏவ்வ்!" கிளையைப் பிடிச்சு உலுக்கினான். அதுக்குள்ள சிறுத்தை பாஞ்சுடுச்சு!

செவலையோட குட்டி பேரு பொட்டு. பொறந்து ரெண்டு மாசம்கூட ஆகல. சிறுத்தையோட நகம் பொட்டுவோட தொடையில கோடு போட்டுச்சு. செவலை குறுக்க விழுந்து முட்டித் தள்ளினதாலதான் பொட்டு தப்பிச்சுது. கூட்டம் சிதறி ஓடிடுச்சு.

சிறுத்தை போனப்புறம் செவலை மரத்தடிக்கு வந்தா. மூச்சு வாங்குது. பக்கத்துல பொட்டு நொண்டிக்கிட்டு நிக்குது.

"கூப்பிட வேண்டிய நேரத்துல ஏப்பம் விடுறியாண்ணே?"

"செவலை, நான் கூப்பிட்டேன். குரல்தான்…"

"குரல் இல்லாத காவக்காரன் எங்களுக்கு எதுக்கு? பத்து நாள் பாப்பேன். அதுக்குள்ள உன் குரல் வரணும். வரலைன்னா நாங்க ஆத்துக்குப் போறோம்!"

"ஆத்துலயா? அங்க முதலை இருக்கே!"

"இருக்கு. தெரியும். இங்க சிறுத்தை, அங்க முதலை. தண்ணி இல்லாம எப்படிண்ணே உயிரோட இருக்கறது?"

அவ பொட்டுவைக் கூட்டிட்டுப் போயிட்டா. கருமூஞ்சி ரொம்ப நேரம் அந்த நொண்டிக் காலையே பாத்துக்கிட்டு இருந்தான். ஆத்துல இந்தக் காலோட அது எப்படி ஓடும்? ஓடவே முடியாது!

மறுநாள் காலையில மரத்தடிக்கு நரி குள்ளன் வந்தான். ரொம்ப வருத்தப்படுற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டான்.

"மாப்ளே! உனக்கு இப்படி ஆகலாமா? நான் வைத்தியம் சொல்றேன், கேளு. நெஞ்சுல நெருப்பு. நெருப்பு மேல மண்ணைக் கொட்டினா அணையுமா அணையாதா?"

"அணையும்."

"அப்ப வயிறு நிறைய சாப்பாட்டைக் கொட்டு! எரிச்சல் அமுங்கிடும். புளிப்பா வருதுல்ல? அதுக்கு இன்னும் புளி தின்னு. முள்ளை முள்ளாலதான் எடுக்கணும்! தின்ன உடனே அசையாம படுத்துடு. கொடியை இன்னும் ஒரு சுத்து சுத்து. அப்பதான் மேல ஏறாது!"

கேக்க எவ்வளவு நியாயமா இருக்கு பாருங்க! கருமூஞ்சி நம்பிட்டான்.

அவனுக்குத் தெரியாத ஒண்ணு உண்டு. சிறுத்தை வேட்டையாடினா மிச்ச எலும்பு குள்ளனுக்குத்தான். கருமூஞ்சி குரல் இருக்கிற வரைக்கும் குள்ளன் வயித்துல ஈரத்துணி!

மூணு நாள் அந்த வைத்தியம் நடந்துச்சு. எரிச்சல் நெஞ்சுலேர்ந்து காது வரைக்கும் வந்துடுச்சு. குரல் சுத்தமா போச்சு. வாயைத் திறந்தா காத்துதான் வருது. மான்கள் ஒரு வாய் குடிக்கும், நாலு தடவை திரும்பிப் பாக்கும், ஓடிடும். தாகம் அடங்காம குட்டிங்க நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுச்சுங்க.

நாலாவது நாள் குள்ளன் வந்தான். "என்ன மாப்ளே, இன்னும் ஒரு மடங்கு கூட்டலாமா?"

கருமூஞ்சி நிமிந்து உக்காந்தான். கிசுகிசுன்னுதான் பேச முடிஞ்சுது, ஆனா தெளிவா பேசினான்.

"வேணாம். சாப்பிட்டா எரிஞ்சுது. இன்னும் சாப்பிடச் சொன்ன. இன்னும் எரிஞ்சுது. உன் வைத்தியம் போதும்."

"அட, மருந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான்…"

"எனக்கு மருந்து வேணாம்டா. ஏன் எரியுதுன்னு தெரியணும். அதைக் கண்டுபிடிக்காம விட மாட்டேன்!"

கொத்தி பொந்துலேர்ந்து தலையை நீட்டினா. "எப்படிடா கண்டுபிடிப்ப? வயித்துக்குள்ள எட்டிப் பாப்பியா?"

"ஒவ்வொண்ணா நிறுத்துவேன். எதை நிறுத்தினா எரிச்சல் நிக்குதுன்னு பாப்பேன்."

"ஓஹோ! நீ பெரிய ஆளுடா!"

"சிரி, நல்லா சிரி. ஆறு நாள் இருக்கு எனக்கு!"

அன்னிக்கு முதல் வேலையா மிளகாயை நிறுத்தினான். கிளிங்க கீச்சு கீச்சுன்னு சண்டைக்கு வந்துச்சுங்க. "இது உறைக்குதாம்! யார்கிட்ட கதை விடுறான்!" அவன் அசையல. புளியம்பழத்தையும் தள்ளி வச்சான். கிழங்கும் அத்திப்பழமும் மட்டும் வயிறு முட்டத் தின்னான். படுத்தான்.

எரிச்சல் குறைஞ்சுது. ஆனா போகல!

அஞ்சாவது நாளும் அதே. குறைஞ்சுது, போகல. வேற ஒருத்தனா இருந்தா இது போதும்னு விட்டிருப்பான். கருமூஞ்சி விடல. படுத்துக்கிட்டே யோசிச்சான். யோசிக்கறதுக்காகக் கொடியைக் கிளையிலேர்ந்து மட்டும் உருவிட்டு, வயித்துல சுத்தினது சுத்தினபடியே எந்திரிச்சு உக்காந்தான். உக்காந்ததும் எரிச்சல் கீழ இறங்கின மாதிரி இருந்துச்சு!

"ஏ! இது என்ன?"

திரும்பப் படுத்தான். புளிப்பு ஏறுச்சு. உக்காந்தான். இறங்குச்சு. படுத்தான், ஏறுச்சு. உக்காந்தான், இறங்குச்சு!

"டேய், உனக்குக் கிறுக்குப் பிடிச்சுதா? கிளையை ஆட்டாத, என் முட்டை உடையப் போகுது!"ன்னு கொத்தி கத்தினா.

கருமூஞ்சி காதுல வாங்கல. விறுவிறுன்னு கீழ இறங்கி குளத்தங்கரை மூங்கில் புதருக்கு ஓடினான். யானை ஒடிச்சுப் போட்ட மூங்கில் ஒண்ணு அங்க கிடந்துச்சு. ஒரு கணு நீளம், ஒரு பக்கம் திறந்திருந்துச்சு. அதுல தண்ணியை விளிம்பு வரைக்கும் ரொப்பினான். நிமித்தி வச்சான். சிந்தல. படுக்க வச்சான். மடமடன்னு ஊத்திடுச்சு!

அப்புறம் பாதி மட்டும் ரொப்பினான். லேசா சாய்ச்சான். வெளிய வரவே இல்ல!

"கொத்தி! கொத்தி! இங்க வா!" குரல் எங்க வருது? கையை ஆட்டி ஆட்டித்தான் கூப்பிட்டான்.

கொத்தி பறந்து வந்தா. அவன் செஞ்சு காட்டினான். ஒரு தடவை இல்ல, ஆறு தடவை!

"இந்த மூங்கில்தான் என் வயிறு. வாய் வரைக்கும் ரொப்பிட்டு உடனே படுத்தா உள்ள இருக்கிற புளிப்பு வேற எங்க போகும்? நெஞ்சுக்குத்தான் வரும்!"

கொத்தி இந்தத் தடவை சிரிக்கல. கொஞ்ச நேரம் மூங்கிலையே பாத்தா. அப்புறம் அவன் வயித்துல சுத்தியிருந்த கொடியை அலகால டொக்குன்னு தட்டினா.

"அப்ப இது எதுக்குடா? ரொம்பின வயித்தைப் பிழிஞ்சு விடறதுக்கா?"

கருமூஞ்சி குனிஞ்சு பாத்தான். கொடி பதிஞ்ச தடம் வயித்துல ஒரு வாய்க்கால் மாதிரி இருந்துச்சு. கையால அந்த இடத்தை லேசா அமுக்கினான். உடனே தொண்டையில புளிப்பு! அந்த நிமிஷமே கொடியை அவுத்து குளத்துல வீசிட்டான்.

காரணம் தெரிஞ்சுபோச்சு! ஆனா கஷ்டமான வேலை அப்புறம்தான் ஆரம்பிச்சுது.

ஆறாவது நாள் உச்சி வெயில். மொட்டையன் மலை மாதிரி கிழங்கைக் கொண்டு வந்து கொட்டினான். "குரல் போன என் மச்சானுக்கு இன்னிக்கு ஸ்பெஷல்!"

கருமூஞ்சி ஒரு கிழங்கை எடுத்தான். மெதுவா, மென்னு மென்னு தின்னான். அத்திப்பழம் நாலு. கையைத் துடைச்சுக்கிட்டான்.

"போதும்."

அந்த இடத்துல அந்த வார்த்தையை யாரும் கேட்டதே இல்ல!

"போதுமா?" மொட்டையன் கிழங்குக் குவியலை முன்னால தள்ளினான். "என் கிழங்கு உனக்கு எளக்காரமாப் போச்சா?"

"இல்ல மச்சான். மிச்சத்தை சாயங்காலம் ரெண்டு, காலையில ரெண்டுன்னு சாப்பிடுறேன்."

"வழக்கம்னு ஒண்ணு இருக்கு! மிச்சம் வைக்கக் கூடாது!"

இதுக்குத்தானே குள்ளன் காத்துக்கிட்டு இருந்தான்! கூட்டத்துக்குப் பின்னாடிலேர்ந்து கத்தினான். "பாத்தீங்களா தலைக்கனத்தை! குரலும் இல்ல, மரியாதையும் இல்ல!"

செவலை முன்னாடி வந்தா. மூக்கு சிவந்திருந்துச்சு. "பொட்டு நொண்டிக்கிட்டே தேடி எடுத்துட்டு வந்த நெல்லிக்காய் இது. இதையும் வேணாம்னு சொல்லுவியாண்ணே?"

பொட்டு நெல்லிக்காயை உருட்டி அவன் காலடியில விட்டுச்சு. அண்ணாந்து பாத்துச்சு.

கருமூஞ்சி குனிஞ்சு அதைக் கையில எடுத்தான். ஒரே ஒரு நெல்லிக்காய்! தின்னா என்ன? அப்புறம் நினைச்சுப் பாத்தான். இதைத் தின்னா மொட்டையன் கிழங்கையும் திங்கணும், கிளி மிளகாயையும் திங்கணும். நாளைக்கும் திங்கணும். அப்புறம் இந்தக் குட்டி ஆத்துக்குத்தான் போகணும்!

"பொட்டு, நீ குடுத்தது எனக்கு வேணும். ஆனா இப்ப வேணாம். இப்ப இதைத் தின்னா நாளைக்கு உன்னை எச்சரிக்க எனக்குத் தொண்டை இருக்காது."

செவலை குட்டியைக் கூட்டிட்டுத் திரும்பிட்டா. எல்லாரும் போயிட்டாங்க. மறுநாள் ஒருத்தரும் வரல. ஒரு பழம்கூட வரல!

கருமூஞ்சி தானே இறங்கி அத்திப்பழம் பொறுக்கிக்கிட்டான். காலையில கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். தின்னதும் தூக்கம் சொக்கும். படுக்க மாட்டான். தண்டுல முதுகைச் சாய்ச்சு உக்காந்தே இருப்பான். மர நிழல் குளத்துக்கு அந்தாண்ட போற வரைக்கும் தலையைக் கிளையில வைக்கிற பேச்சே இல்ல. கண்ணு செருகினா எந்திரிச்சுக் கிளை கிளையா நடப்பான்.

"படுடா, யாரும் பாக்கல!"ன்னு கொத்தி சீண்டினா.

"என் வயிறு பாக்குது!"

ஏழு, எட்டு, ஒம்பது. எரிச்சல் போச்சு. புளிப்பு நின்னுச்சு. குரல் வருமா? அது யாருக்கும் தெரியாது! கத்திப் பாக்கவும் முடியாது. சும்மா கத்தினா மான்கள் வீணா ஓடும், அப்புறம் நிஜமா கத்தினா நம்பாது. தொண்டைக்கு ஓய்வு வேணும்னு அவன் கிசுகிசுன்னுகூட பேசறதை நிறுத்திட்டான்.

பத்தாவது நாள் சாயங்காலம். மான்கள் கடைசியா ஒரு தடவை குளத்துக்கு வந்துச்சுங்க. தண்ணி குடிச்சுட்டு அப்படியே ஆத்துப் பக்கம் கிளம்பறதா முடிவு. யாரும் மரத்தை நிமிந்துகூட பாக்கல.

கருமூஞ்சி உச்சிக் கிளையில நின்னுக்கிட்டே இருந்தான். நாணல்ல ஒண்ணும் இல்ல. மூங்கில் புதர்ல ஒண்ணும் இல்ல. அப்பதான் பாத்தான். பின்பக்கம் பாறைக்குக் கீழ குள்ளன். அவன் சும்மா நிக்கல, வாலை ஆட்டி யாருக்கோ வழி காட்டிக்கிட்டு இருந்தான். அவனுக்குப் பின்னாடி, வயிறு தரையில உரச, சிறுத்தை!

பொட்டுதான் பாறைக்கு ரொம்ப கிட்ட நின்னுச்சு.

கருமூஞ்சி வாயைத் திறந்தான். மூச்சை இழுத்தான்.

"கெக்! கெக்! கெக்! கெக்!"

அடேயப்பா! பழைய குரல் இல்ல அது, அதைவிடப் பெரிய குரல்! குளத்துத் தண்ணியில வட்டம் போட்டுச்சு. மான்கள் என்ன ஏதுன்னு யோசிக்கல, கால் தானா தாவிடுச்சு. செவலை பொட்டுவை முட்டி முன்னாடி தள்ளிக்கிட்டே ஓடினா. சிறுத்தை பாஞ்சப்ப அங்க கொஞ்சம் புழுதிதான் மிச்சம்.

சிறுத்தை மெதுவா திரும்பி குள்ளனைப் பாத்துச்சு.

"குரல் செத்துப்போச்சுன்னு சொன்னியே?"

"சத்தியமா போச்சுண்ணே! நான்தானே வைத்தியம் பாத்து போகடிச்சேன்! எப்படித் திரும்பி வந்துச்சுன்னு…"

குள்ளன் பேச்சை முடிக்கல, ஓட்டமா ஓடினான். சிறுத்தை பசியோட பின்னாடியே போச்சு. அதுக்கப்புறம் குள்ளனை அந்தப் பக்கம் யாரும் பாக்கல.

குள்ளன் கடைசியா சொன்னதை, புதருக்குள்ள ஒளிஞ்சு நின்ன செவலையும் கேட்டுட்டா. வைத்தியம் பாத்து போகடிச்சானா? திரும்பி வந்து மரத்தடியில நின்னா.

"மூஞ்சியண்ணே, அந்த நரி உன்னைக் கெடுத்தான். சரி. ஆனா அவன் வர்றதுக்கு முன்னாடியே உன் குரல் கெட்டுச்சுல்ல? அப்ப நாங்களும்தானே கெடுத்திருக்கோம்?"

"நீங்க அன்பாதான் குடுத்தீங்க. போதும்னு சொல்ல எனக்குத்தான் வாய் வரல."

மொட்டையன் பின்னாடி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான். "மச்சான், அப்ப கிழங்கு ஒண்ணு கொண்டு வரவா, ரெண்டு கொண்டு வரவா?"

"ஒண்ணு போதும்டா!"

"சின்னதா பெருசா?"

கொத்திகூட சிரிச்சுட்டா.

அன்னிக்கே செவலை கூட்டத்துக்கு முன்னாடி புது வழக்கம் சொன்னா. காவக்காரன் எவ்வளவு கேக்குறானோ அவ்வளவுதான் குடுக்கணும். அவன் போதும்னு சொன்னா யாரும் கோவிச்சுக்கக் கூடாது. அப்புறம் நாப்பது மானும் குளத்துல இறங்குச்சுங்க. பத்து நாளுக்கு அப்புறம் முதல் தடவையா ஒருத்தரும் திரும்பித் திரும்பிப் பாக்கல. பொட்டு முன்னங்காலை மடக்கி, தண்ணியில மூக்கை முழுசா வச்சு, வயிறு குளிரக் குளிரக் குடிச்சுது.

எரியறதுக்கு மருந்து தேடி ஓடறதுக்கு முன்னாடி எரிய வைக்கிற பழக்கத்தைத் தேடிப் பிடிச்சு நிறுத்தணும், எவ்வளவு அன்பா குடுத்தாலும் வயித்துக்கு மிஞ்சினதுக்குப் போதும்னு சொல்லத் தெரியணும்!